ஏழாம் நம்பர்

வெள்ளி ஒன்று, ஞாயிறு இரண்டு.
மாங்குளம், மல்லாவி, கடைசியாய்
வவுனிக்குளத்துக்கு அங்கால், றோட்டே இல்லாத ஒரு வளவு.
இன்றைக்குத் திங்கள்.
பிறஷ்களுக்கு முழுக்கு.

கிணத்துத் தண்ணியில் கழுவ ஏலாது.
எங்களது கல்லுத் தண்ணி.
கேத்திலின் அடியில் சுண்ணாம்பாய்ப் படியும்,
சவர்க்காரத்தோடு சண்டை பிடிக்கும்,
ஆட்டுமயிர்ப் பிறஷைத் தும்புத்தடி ஆக்கிவிடும்.
சந்தி மெசினில் காசு போட்டு
ஒரு கான் பில்டர் தண்ணி பிடித்துவந்தேன்.
"குடிக்கவோ அக்கா?" என்றான் பெடியன்.
ஓம் என்றேன்.
குடிக்கிறது இன்னும் கிணத்தைத்தான்.

பேபி சம்போ இரண்டு சொட்டு,
உள்ளங்கையில் வட்டம் வட்டமாய்.
தலைமட்டும் நனையவேணும்.
தகரக் கழுத்துக்குள் தண்ணி ஏறினால் பசை விட்டு
பொம்பிளையின் கன்னத்தில் மயிர் கொட்டும்.
ஒருக்கால் கொட்டியது, தாலி கட்டுகிற நேரம்.
வீடியோக்காரன் கிட்ட வந்து எடுத்து வைத்திருக்கிறான்.

முதலில் கண்ணின் கறுப்பு கரைகிறது.
பிறகு மயில்நீலம், நிரோசிகா ஆசைப்பட்டுக் கேட்டது,
மாமிக்காரி முகம் சுழிக்கச் சுழிக்கப் பூசியது.
பிறகு பவுண்டேசன்.
கொழும்பிலிருந்து வருகிற குப்பிகளில் இருப்பதெல்லாம்
ஆரோ வேறு ஊர்க்காரரின் தோல்.
இரண்டைக் கலந்து, கோப்பி நிறத்தில் ஒரு துளி விட்டு
எங்கடை நிறத்துக்கு இறக்குவேன்.
தாய்மார் ஏத்தச் சொல்லுவார்கள்:
"இன்னுமொரு கை பூசு பிள்ளை,
அல்பம் கனடாவுக்குப் போறது."

முட்டை ஸ்பொஞ்ச்தான் பொல்லாதது.
பிழியப் பிழிய முகம் வருகிறது.
எட்டுத்தரம் பிழிந்து தெளிந்துவிட்டது என்று நினைக்க
ஒன்பதாவதில் வெள்ளிக்கிழமைப் பெட்டையின் கழுத்து.
போனமாதத்து ஒன்று வெளியே சுத்தம்.
சந்தேகத்தில் பிளேட்டால் பிளந்தேன்.
நடுவில் எள்ளுப்போலப் பூஞ்சணம்.
அறுநூற்றைம்பது ரூபா, எறிந்தாச்சு.

ஏழாம் நம்பரைக் கடைசியில் எடுப்பேன்.
கன்னத்துக்கானது. பிடியில் பச்சை நூல் சுற்றியது.

மாசியில் சுகந்தினியக்கா போனா.
என் பொம்பிளைகளுக்கெல்லாம் சட்டை தைத்தவ.
கிட்னி. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்குமாய் இரண்டு வருசம்.
ஒருநாளும் என்னட்டைப் பூசிக்கொள்ள வந்ததில்லை,
"எனக்கேன் பிள்ளை" என்பா,
குண்டூசியைப் பல்லில் கடித்தபடி.
பெட்டி திறந்தபோது
மலர்ச்சாலைக்காரன் றோசாப் பவுடரை அப்பியிருந்தான்.
மகள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
நான் பையெடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

குளிர்ந்த தோலில் கிறீம் இழுபடாது.
அன்றைக்குத்தான் தெரியும்.
கையில் வைத்துச் சூடாக்கிச் சூடாக்கி
ஒற்றி ஒற்றி வைத்தேன்.
ஏத்தச் சொல்ல ஒருத்தரும் இல்லை.
அவவின் கறுப்பை அப்படியே பிடித்தேன்.
இந்தத் தொழிலில் நான் நிறம் பிழைக்காமல் செய்த முகம்
அது ஒன்றுதான்.

அடுத்த கிழமையே கேள்வி தொடங்கியது:
"பிறஷ் புதுசுதானே?"
எரித்துப்போட்டேன் என்றேன்.
அப்படியும் இரண்டு புக்கிங் போனது.

எரிக்கவில்லை.
மூன்று தண்ணி, நாலாவது ஸ்பிரிட்.
முகர்ந்தால் ஆஸ்பத்திரி மணக்கும், அவ்வளவுதான்.

சோளகம் புழுதியோடு வருகிறது.
பலகையின் ஓரத்தால் தலை வெளியே நீட்டி
சரித்து அடுக்கி, நுளம்புவலையால் மூடினேன்.
முப்பது அங்கே.
ஒன்று குசினி யன்னலில், தனிய, கம்பியில் தலைகீழாய்.
பேசின் தண்ணியைக் குடிக்க வந்த கோழியை
"சூய்" என்று துரத்திவிட்டு ஊத்தினேன்.
மண் எல்லா முகத்தையும் இழுத்துக்கொண்டது.

புதன்கிழமை கடன் கட்டுகிற கூட்டம்.
இந்த மாதம் பாதிதான் இருக்கு.
காலமை கண்ணாடிக்கு முன்னால் நின்று
என் கன்னத்துக்கு ஏழாம் நம்பரைத்தான் எடுப்பேன்.
கலக்க மாட்டேன், ஏத்த மாட்டேன்.